ஆறாவது வெடி

வாரத்துக்கு ஒரு தரமாவது ஐந்தருவியில தலையைக் கொடுத்தாத்தான் எனக்கு உடம்பு உடம்பா இருக்கும், இன்ஸ்பெக்டர் ஐயா. சிமெண்டுக் கம்பெனி வேலை அப்படி. எம்பேரு தளவாய். குத்துக்கல்வலசைக்குத் தெக்க, கம்பெனிக்குச் சுண்ணாம்புக்கல் எடுக்குத குவாரியில பதினாலு வருசமா வெடி மேஸ்திரி. எழுதிக்கிடுங்க, நிதானமாவே சொல்லுதேன்.

செத்துப்போன மாடன் மேல எனக்கு விரோதம் ஒண்ணும் கிடையாது. நல்ல வேலைக்காரன். கல்லுல குழி போட அவனை மாதிரி ஆள் அகப்படாது. அவன் சேரியில இருந்து வருதவன், நான் ஊருக்குள்ள இருக்குதவன், அவ்வளவுதான். முன்னால அவங்களுக்குத் தண்ணி தனியா வேப்பமரத்தடியில இருக்கும். ஒசரத்துல இருந்து கையில ஊத்துவோம். யாருக்கும் ஒரு குறையும் இல்ல.

போன சித்திரையில புதுசா வந்த மேனேஜர் தொரை அதைப் பாத்துட்டாரு. எல்லாருக்கும் ஒரே பானை, ஒரே தம்ளர்னு சொல்லிட்டாரு. மாடன் அந்தத் தம்ளரை வாயில வச்சுக் குடிச்சான். விளிம்புல அவன் எச்சி, கல்லுப்பொடியோட கொழகொழன்னு ஒட்டியிருந்துச்சு. அன்னைக்கு நான் அந்தப் பானையில தண்ணி குடிக்கல. சாயங்காலம் ஆனா எல்லாவன் மேலயும் வெள்ளையா பொடி அப்பிக்கிடக்கும், எவன் யாருன்னே தெரியாது. அந்தக் கோலத்துல என் பக்கத்துல வந்து உக்காந்து, "அண்ணாச்சி, தீப்பெட்டி இருக்கா?"ன்னு கேக்கான். அதுவரைக்கும் ஐயான்னு கூப்பிட்டவன். சீ, சோறு எறங்குமா? மூணு மாசம் பொறுத்துப் பாத்தேன். எங்க வீட்டுல வேணும்னாலும் கேளுங்க.

குவாரியில ஒரு வழக்கம் உண்டு. திரியைக் கொளுத்திட்டு எல்லாரும் பதுங்குவோம். சத்தத்தை எண்ணுதது மேஸ்திரி வேலை. ஆறு குழின்னா ஆறு சத்தம். ஒண்ணு கொறைஞ்சா மறுநாள் வரைக்கும் ஒருத்தனும் கிட்டப் போகக் கூடாது. உள்ள வெடிமருந்து அப்படியே கிடக்கும், கம்பி பட்டாப் போதும், வெடிச்சிரும்.

வெள்ளிக்கிழமை அஞ்சு சத்தந்தான் கேட்டுச்சு.

என் கீழ வேலை பாக்குத பிச்சையா, "அஞ்சுதானே அண்ணாச்சி?"ன்னான்.

"ரெண்டு சேந்து வெடிச்சிட்டுலே. ஆறும் போயிட்டு."

மாடன் கம்பியைத் தூக்கிக்கிட்டு என் மூஞ்சியைப் பாத்தான். "எறங்கட்டுமா அண்ணாச்சி?"

வடகோடிக் குழியில கல்லு பெயரவே இல்ல. எனக்கு நல்லாத் தெரிஞ்சுது. "வடகோடியில கம்பியைப் போட்டு நெம்புலே"ன்னேன். பிச்சையாவை மட்டும் என் பக்கத்துலயே நிப்பாட்டிக்கிட்டேன். அவன் பிள்ளகுட்டிக்காரன். மாடனுக்கும் ரெண்டு உண்டுன்னு பொறவுதான் சொன்னாங்க.

மாடன் ஒடனே சாகல. தண்ணி தண்ணின்னு வாயைத் தொறந்து தொறந்து மூடினான். பிச்சையா தம்ளரை எடுத்துட்டு ஓடினான். நான் பிடுங்கி வச்சிட்டேன்.

ஆமா ஐயா, தெரிஞ்சேதான் அனுப்பினேன். அதை எழுதிக்கிடுங்க. ஆனா கொலைன்னு மட்டும் எழுதாதீங்க. அவனை நான் ஒருநாளும் கையால தொட்டதே இல்ல.