பொத்தான் பலகைக்குப் பின்னால் இருந்தவர்

அவையோருக்கு முதலில் ஒரு துயரச் செய்தி. வாசலில் நிற்கும் சிவப்பு சைக்கிளின் பின்சக்கரத்துக் காற்று, சற்று முன்பு நம்மையெல்லாம் விட்டுப் பிரிந்தது. சைக்கிளின் உரிமையாளர் மனத்தைத் தேற்றிக்கொண்டு, கூட்டம் முடிந்ததும் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகுமாறு கேட்டுக்கொள்கிறேன். என்னைத் தெரிந்தவர்கள் எல்லோரும் இப்போது என்னையே பார்க்கிறீர்கள். இந்த முறை நான் இல்லை.

லிஃப்ட் பழுதுபார்ப்போர் சங்கத் தலைவர் அவர்களே, முறைக்காதீர்கள். மேடையில் வீற்றிருக்கும் பெரியவர்களே, முன்வரிசையில் இருக்கும், மறைந்த லிஃப்ட் அண்ணனின் அக்கா அவர்களே, சங்கத் தோழர்களே, எங்கள் சனிக்கிழமைக் குழுவினரே, அனைவருக்கும் வணக்கம். இரங்கல் கூட்டத்தில் இப்படியா பேச்சைத் தொடங்குவது என்று கேட்பீர்கள். நம் லிஃப்ட் அண்ணன் இப்படித்தான் தொடங்குவார். ஒவ்வொரு சனிக்கிழமையும் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பயணிகள் கவனத்துக்கு. ஒன்பதாம் நிலையத்தில் இன்று வெந்நீர் வராது. சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்பார். நாங்கள் சிரிப்போம். அன்று சாயங்காலத்துக்குள் அந்த நிலையத்தில் யாராவது ஒருவர் செத்திருப்பார்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லோரும் அவருடைய வேலையைப் பற்றிப் பேசினார்கள். பாதி வழியில் நின்றுபோன லிஃப்டுக்குள் அழுதுகொண்டிருந்த கர்ப்பிணியிடம், கதவு திறக்கும்வரை வெளியிலிருந்து கதை சொல்லிக்கொண்டே இருந்தாராம். உண்மைதான். ஆனால் வாரத்தில் ஐந்து நாள் மனிதர்களை மேலே ஏற்றியவர், ஆறாம் நாள் எங்களை எங்கே இறக்கினார் என்று இங்கே யாருக்காவது தெரியுமா?

சங்கத்துப் பட்டறையின் பின்னறைக்கு நீங்கள் போயிருப்பீர்கள். கிரீஸ் வாடை, சுருட்டி வைத்த கம்பி வடங்கள், ஒரு நீள மேசை. அந்த மேசையில்தான் எங்கள் ஆட்டம். பலகையும் கிடையாது, காயும் கிடையாது. பகடை மட்டும் உண்டு. சூரிய வெளிச்சமே எட்டாத தூரத்தில் ஒரு விண்வெளி நிலையம், அதுதான் ஒன்பதாம் நிலையம். அங்கே நாங்கள் நால்வரும் துப்பறிவாளர்கள். என்ன செய்கிறோம் என்று நாங்கள் வாயால் சொல்ல வேண்டும். என்ன நடக்கிறது என்று அவர் சொல்வார். நிலையத்தில் இருக்கும் மற்ற எல்லோருக்கும், சமையல்காரருக்கும் சவக்கிடங்குக் குமாஸ்தாவுக்கும் கொலைகாரருக்கும், அவர்தான் குரல். எதிரே ஒரு பழைய லிஃப்டின் பொத்தான் பலகையை நிமிர்த்தி வைத்துக்கொள்வார். அதற்குப் பின்னால் அவர் உருட்டும் பகடை எங்களுக்குத் தெரியாது. சும்மா இருக்கும்போதுகூட உருட்டுவார். உருட்டிவிட்டு, குனிந்து பார்த்து, "ம்ம்" என்பார். அந்த ஒரு "ம்ம்"முக்குப் பயந்து, போட்ட திட்டத்தையே மாற்றுவோம். பாதி நேரம் அது வெறும் உருட்டு என்று தெரிந்தும் மாற்றுவோம்.

அவருடைய வில்லன்களைப் பற்றிச் சொல்லவா? கொம்பு முளைத்தவர் ஒருவர்கூட இல்லை. நோயாளிகளின் நினைவுகளைத் திருடிய ஒரு டாக்டர். தன் மகனின் முகம் மறந்துபோய், வேறு யாருடைய மகனையாவது நினைத்துக்கொண்டிருக்கத்தான் திருடினாராம். கீழ்த்தளத்துக் குழந்தைகளுக்குப் போகும் காற்றைக் குறைத்த ஒரு பொறியாளர் அம்மா; எல்லோருக்கும் போதுமான காற்று அங்கே இல்லவே இல்லை. அந்த அம்மாவைப் பிடித்த அன்று, எங்கள் குழுவின் வரி அலுவலக மாமா, வாழ்க்கையில் யாருக்கும் ஒரு ரூபாய் விலக்குக்கூடத் தராத மனிதர், கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "அவ பண்ணது தப்புன்னு என்னால சொல்ல முடியலையேப்பா" என்றார். லிஃப்ட் அண்ணன் அடுத்த பகடையை உருட்டினார். ஆறுதல் சொல்வது அவர் வழக்கம் இல்லை. ஒன்பதாம் நிலையத்தில் எந்த வழக்கும் நல்லபடியாக முடிந்ததில்லை. குற்றவாளி கிடைப்பார், போனவர்கள் போனவர்கள்தான்.

இந்த இடத்தில் அடக்கத்தோடு ஒன்றைச் சொல்லிக்கொள்கிறேன். மொத்தம் எட்டு வழக்குகள் முடித்தோம். அதில் ஆறில் குற்றவாளியை முதலில் சுட்டிக்காட்டியது யார்? கணக்கில் புலியான மாமாவா? இல்லை. பள்ளியில் கணக்கில் எலியான நான்! ஆமாம், இந்த வாலுப் பயல்தான். சங்கம் விரும்பினால் எனக்கு ஒரு சால்வை போர்த்தலாம், தடுக்க மாட்டேன்.

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. உடலைப் பார்க்காதவரை யாரும் சாகவில்லை. இதை நாங்கள் அடிபட்டுக் கற்றுக்கொண்டோம். உலையில் விழுந்து செத்த கடத்தல்காரன் அடுத்த மாதம் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்து எங்களுக்கே வணக்கம் வைத்தான். அதுமட்டுமா? ஒருமுறை லிஃப்ட் அண்ணன் தன் அக்காவையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டார். பள்ளியிலிருந்து வந்து உட்கார்ந்தவுடன் போன். "ஒன்பதாம் நிலையச் சவக்கிடங்கிலிருந்து பேசுகிறோம்" என்று ஒரு பெண் குரல். எனக்குத் தெரிந்த ஒருவர் இறந்துவிட்டார் என்றதும் நான் நம்பிவிட்டேன். அது பொய்ச் சாவு, ஆட்டத்தின் ஒரு துப்பு. அடுத்த சனிக்கிழமை எல்லோரும் என்னை வைத்துச் செய்தார்கள்.

அதே குரல் போன மாதம் மறுபடியும் கூப்பிட்டது. "தம்பி போயிட்டான்பா" என்றது.

நான் சிரித்தேன். இரண்டாவது தடவை ஏமாற நான் என்ன வரி அலுவலக மாமாவா? பெரிய துப்பறிவாளர் தோரணையில் கேட்டேன்: "உடலைப் பார்த்தீங்களா?"

 அக்கா, கோபமே இல்லாமல் சொன்னார்கள்: "பக்கத்துலதான்பா உக்காந்திருக்கேன்."

மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழவில்லை. அவ்வளவுதான். ஒரு துப்பு இல்லை, ஒரு தடயம் இல்லை, குற்றம் சாட்ட ஓர் ஆள்கூட இல்லை. இவ்வளவு மோசமாக எழுதப்பட்ட கதையை அவர் தன் மேசையில் அனுமதித்திருப்பாரா? நாங்கள் நால்வரும் போய் நின்றோம். விதிப்படி உடலைப் பார்த்தோம். நான் அவருடைய சட்டையின் இரண்டாவது பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தேன், அது ஏறி இறங்குமா என்று. மாமா என் தோளைப் பிடித்துத் திருப்பினார். அவரும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார் என்று பிறகு சொன்னார்.

ஒன்பதாவது வழக்கு பாதியில் நிற்கிறது. உள்ளே தாழிட்ட அறைகளிலிருந்து ஆட்கள் காணாமல் போகிறார்கள். யார் கொண்டுபோகிறார், எதற்கு, தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளாமல் அந்த மேசையை ஒரேயடியாக விட்டுவிட எங்களில் ஒருவராலும் முடியவில்லை. மூன்று சனிக்கிழமைகளாகப் போகிறோம், உட்கார்கிறோம், பொத்தான் பலகையைப் பார்க்கிறோம், வீட்டுக்குப் போகிறோம்.

அன்னார் விட்டுச் சென்ற பணியைத் தொடர்வோம் என்று இந்த மேடையில் உறுதி சொல்ல வேண்டும். சொல்கிறேன். வரும் சனிக்கிழமை பலகைக்குப் பின்னால் நான் உட்காருவேன். ஒன்பதாவது குற்றவாளி யார் என்று நான் சொல்வேன். குழுவுக்கு நான் கொடுத்த வாக்கு இது. ஆறு வழக்கு முடித்தவனுக்கு ஏழாவது பெரிய விஷயமா?

இத்தோடு நிறுத்தியிருந்தால் சால்வை கிடைத்திருக்கும்.

நேற்று அக்காவிடம் போனேன். அவரிடமிருந்து விடையைக் கறந்துகொண்டு வந்து, நானே கண்டுபிடித்த மாதிரி சனிக்கிழமை சொல்லிவிடலாம் என்று திட்டம். "அக்கா, அந்தக் கடைசிக் கதையில ஆளைக் கடத்துறது யாரு? உங்ககிட்ட சொல்லியிருப்பாரே" என்று கேட்டேன்.

"அவனுக்கே தெரியாதுப்பா."

"விளையாடாதீங்கக்கா."

"நிஜமாத்தான். முன்கூட்டி எதையும் முடிவு பண்ண மாட்டான். நீங்க உங்களுக்குள்ள பேசுறதைக் கேட்டுக்கிட்டே இருப்பான். அதுல எது ரொம்ப வலிக்குதோ, அதையே விடையா எடுத்துக்குவான். இன்னிக்கும் வாலுதான் காப்பாத்துனான்னு வந்து சிரிப்பான்."

அவையோரே, டாக்டரைக் கண்டுபிடித்தது நான் இல்லை. காற்றைக் குறைத்த அம்மாவைக் கண்டுபிடித்ததும் நான் இல்லை. நான் வாய்க்கு வந்ததை உளறினேன். பலகைக்குப் பின்னால் ஒருவர் பகடையை உருட்டி, "ம்ம்" என்றார். அது உண்மையாகிவிட்டது. ஆறு வழக்கும் அப்படித்தான். ஒன்பதாவதற்கு விடை என்று ஒன்று எங்கேயும் இல்லை.

இன்று காலை பட்டறையில் தனியாக உட்கார்ந்து பார்த்தேன். சமையல்காரர் என்று சொல்லிப் பார்த்தேன். குமாஸ்தா என்று சொல்லிப் பார்த்தேன். பகடையை உருட்டி நானே "ம்ம்" என்றும் சொல்லிப் பார்த்தேன். எனக்கே பயம் வரவில்லை. சனிக்கிழமை என்ன செய்யப்போகிறேன் என்று எனக்குத் தெரியாது. மாமாவுக்கும் மற்ற இருவருக்கும் இது இந்த நிமிஷம்தான் தெரியும், மன்னிக்கணும், மாமா.