சின்னப் பீப்பாய்

ஐயோ, இடிக்காதீங்க தம்பி! டம்ளரோட டம்ளரை இடிக்கிறதெல்லாம் பெரிய பீப்பாய் ஒயினுக்கு. இது சின்னப் பீப்பாய். சும்மா நின்னு குடிங்க. அந்த ஹெல்மெட்டையும் கழட்டிக் கல்லு மேல வைங்க. அட, மலை விழணும்னு நெனச்சா உங்க பிளாஸ்டிக் தொப்பியப் பாத்துப் பயந்துக்குமா?

மர வாசம் அடிக்குதா? அடிக்கும், லார்ச் மரப் பீப்பாய். திராட்சை கீழ சியேர் பக்கம் விளையுறது. ரெஸ்னு பேரு, வெள்ளைத் திராட்சை. நீங்க லோசான் டவுன்காரரு, கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. புதுசுல பல்லு கூசும். இந்த நிலவறைக் குளிர்ல வருஷக்கணக்கா கிடந்தாத்தான் அதுக்குப் புத்தி வரும். என் வீட்டுக்காரர் சிப்ரியான் மாதிரி.

ஆமா, எனக்கும் கேட்டுச்சு. நேத்து வரைக்கும் மலையிலேருந்து மணல் உதிர்ற சத்தம். இன்னிக்குக் கல்லு. டம்ளரைப் பீப்பாய் மேல வச்சுப் பாருங்களேன். யாரும் தொடல, ஒயின் நடுங்குது பாத்தீங்களா? நாய் காலையிலேருந்து இதுக்குள்ள காலே வைக்கல.

வண்டி காத்துக்கிட்டு இருந்தா இருக்கட்டும். ஊரையே இறக்கிட்டு, கடைசியா என்னை இழுத்துட்டுப் போக வந்திருக்கீங்க. தெரியுதுப்பா. பக்கத்து வீட்டு ஓதிலோட பசுவை ஹெலிகாப்டர்ல தொங்கவிட்டுத் தூக்கிட்டுப் போனதை ஜன்னல்ல நின்னு பாத்தேன். நாலு காலும் உதறிக்கிட்டுப் போச்சு. ஓதிலும் அப்படித்தான் போனா. கீழ பள்ளிக்கூட ஹால்ல அவ பக்கத்துக் கட்டிலாமே எனக்கு? அவ குறட்டைக்கு இந்த மலையே தேவலை.

பயம் இல்லாமலா? இன்னும் ஒரு வாய் குடிங்க.

பெரிய பீப்பாயா? அதை எப்பவும் காலி பண்ண மாட்டோம். எடுக்க எடுக்கப் புதுசு ஊத்திக்கிட்டே வருவோம். மாமனாரோட அப்பா காலத்து ஒயின்கூட அதுக்குள்ள இருக்கு. நகத்தினா கெட்டுப்போயிடும். சின்னது அப்படி இல்ல. கல்யாணத்தன்னிக்கு ஆளுக்கு ஒண்ணு நிரப்பி, கூட ஒரு சீஸும் எடுத்து வச்சிடுவாங்க. ஒரே தடவைதான் திறக்கிறது. சிப்ரியானோடது போன பனிக்காலத்துல திறந்தோம். ஊரே வந்துச்சு. உள்ள இடமில்லாம படி வரைக்கும் நின்னு குடிச்சாங்க. அந்த மனுஷன் எவ்வளவு சிடுமூஞ்சின்னு எல்லாருக்கும் மறந்தே போச்சு, அப்படி ஒரு ஒயின்.

எதுக்குத் திறப்போமா? அடக்கத்துக்குத்தான் தம்பி. புதைச்சுட்டு வந்து குடிக்கிறது. அதான் இடிக்கக் கூடாதுன்னேன். தலையில தொப்பி இருக்கக் கூடாதுன்னேன்.

இல்லல்ல, இது அவரோடது இல்ல. அதான் ஊரே குடிச்சுத் தீத்துடுச்சுன்னேனே. இந்தப் பக்கம் வந்து பேரைப் பாருங்க, கல்யாணத்தன்னிக்கு அவரே சூட்டுக்கோலால எழுதினது. ஃபிலோமேன். நான்தான். காலையில நானே திறந்துட்டேன். மலை வந்து மூடினப்புறம் யாரு தோண்டி எடுத்துக் குடிக்கப் போறா?

ஐயோ, டம்ளரைப் பாதியில கீழ வைக்காதீங்க, மரியாதை இல்ல. சீஸைக் காட்டினா நாய் பின்னாடியே வந்துடும். வண்டியில என் இடத்துல அது உக்காரட்டும். என் அடக்கத்துக்கு வந்திருக்கிறது நீங்க ஒருத்தர்தான் தம்பி. இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?