கஷ்டத்தை முதலில் சொன்னவருக்கு

பதுளையில் எமது மருத்துவமனைக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் தாதியரைத் தேடிச் சேர்த்து, இன்று ஓய்வுபெறும் நியமன அலுவலர் இத்ரூஸ் அவர்களுக்குத் தாதியர் வாசித்தளிக்கும் மடல்

கடமை நேரத்தில் எந்தத் தாதியையும் தொலைபேசியில் அழைக்காதவரே!
வார்ட்டின் தொலைபேசி இலக்கம் தெரிந்தும் அதைத் தொடாதவரே!
வரமாட்டேன் என்றவளிடம் ஏன் என்று கேட்காதவரே!
கஷ்டத்தை முதலிலும் சம்பளத்தைப் பிறகும் சொன்னவரே!

உங்களுக்கு எங்கள் வணக்கமும் ஸலாமும்.

பாராட்டு மடலுக்கு அடைமொழிகள் நிறைய வேண்டும் என்றார்கள். எங்களுக்குக் கிடைத்தவை இவ்வளவுதான். ஆனால் நான்கும் உண்மை.

இந்த வேலைக்கு வந்தபோது நீங்கள் இப்படி இருக்கவில்லை. அதையும் இங்கே சொல்லவேண்டும். சொல்லலாம் என்று நேற்று நீங்களே சம்மதம் தந்தீர்கள். மருந்துக் களஞ்சியத்தில் இருந்து வந்தவர் நீங்கள். எத்தனை வேண்டும், எப்போது வந்து சேரும் என்று கேட்டே பழகியவர். தாதியரையும் அப்படித்தான் தேடினீர்கள்.

முதலில் தேடியது கலாராணியை. இன்று எங்கள் வார்ட்டின் பொறுப்புத் தாதி. அன்று அவளுக்கு இருபத்தாறு வயது. அப்புத்தளையில் ஒரு சிறிய தனியார் மருத்துவமனையில் வேலை.

காலை பத்து மணி. ஒரு முதியவரின் காலிலிருந்த புண்ணைத் துடைத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். வார்ட் தொலைபேசி அடித்தது. உமக்குத்தான் என்றார் பொறுப்புத் தாதி யோகம்மா.

தன் பெயரைக் கேட்டு வார்ட்டுக்கு அழைப்பு வந்தால் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான். வீட்டில் யாரோ போய்விட்டார்கள். அவளது அப்பா மாடசாமிக்கு இதய நோய் இருந்தது. கட்டுத் துணி பாதியில் தொங்க, கையுறையோடு ஓடினாள்.

"மிஸ், உங்களுக்கு ஒரு நல்ல செய்தி!" என்றீர்கள்.

அருகிலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். பதுளை, புதிய பிரிவு, கூடுதல் சம்பளம். நீங்கள் உரக்கப் பேசுகிறவர். பக்கத்தில் நின்ற யோகம்மாவுக்கும் எல்லாம் கேட்டது.

"என்ன பிள்ளை, வெளிக்கிடப் போறீரோ? முதலே சொல்லியிருந்தா நான் மாலை வாங்கி வச்சிருப்பன்."

யாழ்ப்பாணத்துக்காரரான யோகம்மா சிரிக்காமல் பகிடி விடுவார். இது பகிடி இல்லை என்பது மறுநாள் தெரிந்தது. கண்டியில் மூன்று மாதப் பயிற்சிக்குப் போகும் இருவரில் கலாராணியின் பெயரும் இருந்தது. அதற்காக அவள் இரண்டு வருடம் காத்திருந்தாள். அறிவித்தல் பலகையில் அந்தப் பெயரின் மேல் சிவப்புக் கோடு. போகப்போகிறவளுக்கு எதற்குப் பயிற்சி?

நீங்கள் இது எதையும் அறியவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு விடுமுறை என்று யாரிடமோ விசாரித்து, தெமோதரையில் ரயில் இறங்கி, தேயிலைக்கு நடுவே முக்கால் மணி நேரம் ஏறி, அவர்கள் குடியிருந்த லயத்து வரிசை வீட்டுக்கு வந்தீர்கள். கையில் கேக் பெட்டி.

வாசலில் இருந்த மாடசாமி எழும்பவில்லை.

"வாங்க தொரை. ஆள் கட்ட வந்தீங்களா?"

அந்த வீட்டில் அது பழைய சொல். வெள்ளைக்காரர் காலத்தில் கடலுக்கு அந்தப் பக்கம் ஊர் ஊராகப் போய்த் தோட்டத்துக்கு ஆள் சேர்த்தவர்களைப் பற்றியது. உங்களுக்கு அது விளங்கவில்லை.

"இல்லீங்க ஐயா, நல்ல வேலை. சம்பளம் கூட. தங்க இடமும் இருக்கு."

"எங்க பாட்டன்கிட்டயும் கப்பல் ஏறுற வரைக்கும் நல்லதாத்தான் சொன்னாங்களாம். மத்ததெல்லாம் எறங்கின பொறகுதான் தெரிஞ்சிச்சு."

அப்போது கலாராணி வெளியே வந்தாள். அவளுக்கு உங்களைத் திட்டத்தான் ஆசை. ஆனால் நடந்ததை மட்டும் சொன்னாள்.

"சேர், நீங்க கூப்பிட்டப்போ ஒருத்தருக்கு மருந்து கட்டிக்கிட்டு இருந்தேன். அப்பா செத்துப் போயிட்டாருன்னு நெனச்சு ஓடினேன்."

"நான் இன்னும் போகல, பாத்துக்குங்க" என்றார் மாடசாமி.

"கண்டிக்குப் போறதுக்கு இருந்தேன். பேர வெட்டிட்டாங்க. ஒங்ககிட்ட நான் வேல கேட்டேனா சேர்?"

அவள் அதோடும் விடவில்லை.

"சரி, கேக்குறேன். ராத்திரியில ஒரு நர்ஸ் மிஸ்ஸுக்கு எத்தன நோயாளி?"

தெரியவில்லை.

"மாசத்துல எத்தன நைட்?"

தெரியவில்லை.

"ஏழு மணிக்கு வேல முடிஞ்சா தெமோதரைக்கு பஸ் இருக்கா?"

அதுவும் தெரியவில்லை. கேக் பெட்டியைத் திறந்து, மூடியை மட்டும் கிழித்து, அவள் கேட்டதை எல்லாம் அதில் எழுதினீர்கள். மொத்தம் பதினொரு கேள்விகள். கேக்கை அங்கேயே வைத்துவிட்டு இறங்கினீர்கள். அதை லயத்துப் பிள்ளைகள் சாப்பிட்டார்கள்.

மறுநாள் பகல் கலாராணி வார்ட்டின் மருந்தறையில் நின்றிருந்தாள். கதவுக்கு அப்பால் உங்கள் குரல் கேட்டது. கையிலிருந்த போத்தலை அப்படியே வைத்தாள். இந்த மனிதர் இருக்கும் வேலையையும் பறித்துவிட்டுத்தான் போவார் என்று நினைத்தாள்.

"சிஸ்டர், பிழை என்னோடது. அந்தப் புள்ள ஒண்டும் கேக்கல்ல. நான்தான் வார்ட்டுக்கு கோல் எடுத்தேன்."

"ஆளைக் களவெடுக்க வந்துபோட்டு இப்ப மன்னிப்போ?"

"ஓம் சிஸ்டர். எடுக்கக்குள்ள அது களவு மாதிரி தெரியல்ல. இப்ப தெரியுது. அவட பேர திரும்ப எழுதுங்க. அத கேக்கத்தான் வந்தேன்."

நாற்காலி ஒன்று இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு யோகம்மா சொன்னார்.

"மழையில நனைஞ்சுபோய் நிக்கிறியள். தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ."

மாலையில் சிவப்புக் கோட்டுக்கு மேலே அதே பெயர் நீலத்தில் எழுதப்பட்டிருந்தது. கலாராணி கண்டிக்குப் போனாள்.

நீங்கள் பதுளைக்குத் திரும்பி, ஏழு நாட்கள் எங்கள் வார்ட்டில் ஒரு மூலையில் அமர்ந்து, பதினொரு கேள்விகளுக்கும் விடை எழுதினீர்கள். அதைத் தட்டச்சு செய்து மேலே தலைப்பும் இட்டீர்கள்: கஷ்டங்கள். எங்கள் நிர்வாகி றில்வான் அதை இரண்டு தரம் வாசித்தார்.

"இதப் பாத்தா ஆராவது வருவாங்களா?"

"வாறவங்க நிப்பாங்க சேர்" என்றீர்கள்.

பயிற்சி முடிந்து கலாராணி ஊருக்கு வந்த நாள், தெமோதரை நிலையத்தில் அந்தத் தாளை அவளிடம் கொடுத்தீர்கள். மூன்றாவது வரியில் இருந்தது: இரவு ஏழு மணிக்குப் பின் தெமோதரைக்கு பஸ் இல்லை. அவள் கடைசி வரி வரை வாசித்தாள்.

"இப்ப வர முடியாது சேர். சிஸ்டர் என்னை நம்பி அனுப்பினாங்க."

"சரி மகள். தாளுக்குப் பின்னால என்ட நம்பர் இருக்கு. நானா ஒங்களுக்கு கோல் எடுக்கமாட்டேன். நீங்க நெனச்சா எடுங்க."

நீங்கள் எடுக்கவில்லை. ஒரு பெருநாள் வாழ்த்துக்குக் கூட எடுக்கவில்லை. நான்கு வருடங்கள் அந்தத் தாள் அவளுடைய தகரப் பெட்டியில் சேலைகளுக்கு அடியில் கிடந்தது. யோகம்மா ஓய்வுபெற்ற வாரம் அவள் அதை வெளியே எடுத்தாள். அதிலிருந்த இலக்கத்துக்கு அழைத்தாள்; ஒரே மணியில் எடுத்தீர்கள். அவள் பெயரைச் சொன்னதும் நீங்கள் கேட்ட முதல் கேள்வி வேலையைப் பற்றியதல்ல.

"அப்பா எப்படி?"

அன்று அவள் வருவதென்று முடிவெடுத்தாள். அதன்பின் நீங்கள் சொன்ன கஷ்டங்களை எல்லாம் மரியாதைக்காகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவளைத் தவிர நாங்கள் அறுபத்திரண்டு பேர். லுணுகலையில் இருந்து வந்தவர்களும் உண்டு, யாழ்ப்பாணத்தில் இருந்து வந்தவர்களும் உண்டு. எங்கள் எல்லோரிடமும் அந்தத் தாள் இருக்கிறது. மதுஷாவிடம் மட்டும் வேறொன்றும் சொன்னீர்கள்: "இப்ப வர வேணாம். புள்ளைக்கு ஒரு வயசாகட்டும். இடம் இருக்கும்." இடம் இருந்தது. ஓராண்டு முழுக்க நிர்வாகத்தோடு வாதாடி அதைக் காலியாக வைத்திருந்தீர்கள் என்பதை நாங்கள் பிறகு அறிந்தோம். இதற்கெல்லாம் நன்றி என்ற ஒரு சொல் போதாது. வேறு சொல் தெரியாததால் அதையே சொல்கிறோம். நன்றி.

நாளை முதல் அந்தத் தாள் கலாராணியின் பொறுப்பு. கேக் பெட்டி மூடியையும் உங்கள் மேசை லாச்சியில் இருந்து அவளே எடுத்துவிட்டாள். தேடவேண்டாம்.

உங்கள் முழங்கால்கள் இன்னும் பல்லாண்டு மலை ஏறட்டும். நெஞ்சு லேசாக இருக்கட்டும். சாப்பாட்டு நேரத்தில் உங்கள் தொலைபேசி அடிக்காதிருக்கட்டும்.

இனி ஒரு வேலை வாய்ப்பு. மாதத்தில் ஒரு சனிக்கிழமை, புதிதாக வரும் பிள்ளைகளுக்கு அந்தத் தாளை நீங்கள் வாசித்துக்காட்டவேண்டும். கஷ்டங்கள் இவை: சம்பளம் இல்லை. அறை மூன்றாம் மாடியில்; லிஃப்ட் பாதி நாள் ஓடாது. எங்கள் தேநீர் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். ஒரே கேள்வியை ஆறு பேர் ஆறு தரம் கேட்பார்கள்.

நன்மை ஒன்றுதான். நீங்கள் சொன்னால் அவர்கள் நம்புவார்கள்.

முடியாது என்றால் ஏன் என்று கேட்கமாட்டோம். நாங்கள் எடுக்கமாட்டோம். நீங்கள் நினைத்தால் எடுங்கள். கலாராணியின் இலக்கத்தை முன்பக்கத்திலேயே, கையெழுத்துக்குக் கீழே எழுதியிருக்கிறோம். கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியபின் மடலின் பின்பக்கம் தெரியாது.

நீங்கள் கேட்டு, நாங்களாக வந்த
தாதியர் அறுபத்து மூவர்
பதுளை