திறக்கும் செயலி

பழைய கணினிக்கு லினக்ஸ் இயங்குதளத்தில் எடை குறைந்த வகைதான் சரி. மூச்சு வாங்காமல் ஓடும். அண்ணனுக்கு அதைத்தான் போட்டுக் கொடுத்தேன். கணினி பழுதுபார்ப்பது என் தொழில். அவருக்கு மவுஸைப் பிடித்து இரண்டு தட்டு தட்டத் தெரியும், அவ்வளவுதான்.

அண்ணி இறந்த பிறகு வீட்டில் நாங்கள் இருவர் மட்டும். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன் மகள் அவரோடு சண்டை போட்டு வேறு ஊருக்குப் போனவள், வருடக்கணக்காகப் பேச்சில்லை. அவருக்கு நெஞ்சுவலி வந்தது தெரிந்ததும் மனம் இளகிவிட்டாள். போனில் பேசினால் மறுபடி சண்டை வரும் என்று பயம். கண் மங்கியவருக்கு எழுதிப் பயனில்லை. அதனால் தன் குரலைப் பதிவுசெய்து மெயிலில் அனுப்பினாள்.

அண்ணன் தூங்கிக்கொண்டிருந்தார். நான்தான் முதலில் கேட்டேன். "அப்பா, என்கூட வந்துடுங்க" என்றாள். அங்கேயே நிறுத்திவிட்டேன்.

அவருக்கு அதிர்ச்சி ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் ஒரு சின்ன மாற்றம் செய்தேன். ஒலிக் கோப்புகளைத் திறக்க, பாட்டுக் கேட்கும் செயலிக்குப் பதிலாக எழுத்து அடிக்கும் செயலியைத் தேர்ந்தெடுத்து, எப்போதும் இதிலேயே திற என்ற இடத்தில் ஒரு டிக் போட்டேன். எதையும் அழிக்கவில்லை.

அண்ணன் எழுந்து வந்து தட்டினார். திரை முழுக்கக் கோணல்மாணலாக எழுத்துகள்.

"என்னடா இது?"

"ஃபைல் கெட்டுப்போச்சுண்ணே."

அடுத்தடுத்தும் பதிவுகள் வந்தன. ஒவ்வொரு முறையும் தலையை வாரிக்கொண்டு, அவளே எதிரில் வந்து உட்கார்ந்த மாதிரி உட்காருவார். திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய் அந்தக் கிறுக்கலில் எதையோ தேடுவார். நான் பின்னால் நிற்பேன். அந்த டிக்கை எடுத்துவிட்டால் போதும். கை போகவில்லை.

ஒருநாள் மெதுவாகக் கேட்டார்: "வேணும்னே கேலி பண்றாளாடா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். பால் சுடவைக்கப் போய்விட்டேன்.

இனி அனுப்ப வேண்டாம் என்று அவளுக்கு எழுதச் சொன்னார். எழுதினேன். அதன் பிறகு அவர் கணினிப் பக்கமே போகவில்லை. சாப்பாடு குறைந்தது. மாத்திரையை நீட்டினால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். மழைக்காலம் முடிவதற்குள் போய்விட்டார்.

காரியத்துக்கு வந்தவள், எல்லோரும் கிளம்பிய பிறகு அந்தக் கணினி முன்னால் உட்கார்ந்தாள். தன் முதல் பதிவைத் தட்டினாள். கிறுக்கல் வந்தது.

"சித்தப்பா, அப்பாவுக்கும் இப்படித்தான் வந்துதா?"

ஆமாம் என்றேன். யார் மாற்றியது என்று அவள் கேட்கவில்லை. அந்த வீட்டில் வேறு யார் இருந்தார்கள்? அவளே சரிசெய்து ஓடவிட்டாள்.

"அப்பா, என்கூட வந்துடுங்க. மாடி ரூம் காலியாத்தான் இருக்கு. சித்தப்பாவைத் தனியா விட்டுடாதீங்க. அவரையும் கூட்டிட்டு வாங்க."

அன்று நான் நிறுத்திய இடத்துக்குப் பிறகு இவ்வளவு இருந்திருக்கிறது. அவள் அழவில்லை. அப்பாவுக்கு நெஞ்சு தாங்காது, அதனால்தான் அப்படிச் செய்தேன் என்று விளக்கினேன்.

"யாரோட நெஞ்சு, சித்தப்பா?"

அண்ணனுடையதுதான் என்றேன். இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறேன்.