மைக் பிடிக்காத டி.ஜே.

சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கம் போகும் பஸ். எனக்கு முன் சீட்டில் ஒரு அம்மாவும் கல்யாணம் நிச்சயமான அவர் மகளும்.

“மைக் பிடிக்காத டி.ஜே.யாப் பாருடி.”

“ஏம்மா?”

“பெரியப்பா வீட்டு ரிசப்ஷன்ல ‘பொண்ணோட அப்பா மேடைக்கு வாங்க, ஆடலாம்’னு மூணு தடவை கூப்பிட்டான். நம்மள விட்டுட்டுப் போன உங்கப்பாவ, துபாய்ல இருக்காரு, லீவு கிடைக்கலன்னு மாப்பிள்ளை வீட்டுல சொல்லி வச்சிருக்கேன். உன் ரிசப்ஷன்லயும் அப்படிக் கூப்பிட்டா?”

காவிரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்தது. மகள் போனை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

“கூப்பிட்டா வருவாரும்மா. நேத்து இதோ பக்கத்துல இருக்கிற துவாக்குடிக்குப் போய் அப்பாவுக்குப் பத்திரிகை வச்சிட்டேன்.”

நான் இறங்க வேண்டிய ஸ்டாப் வந்தது. இறங்கவில்லை.

“அப்ப ஒண்ணு பண்ணு. பொண்ணோட அம்மாவைக் கூப்பிட வேண்டாம்னு டி.ஜே.கிட்ட சொல்லிடு.”