வெளிர்நீல உடுப்புக்காரன்

சார், சார்! கோட்டுக்கு இந்தப் பக்கம் வாங்க. ஃபிளாஷ் அடிக்காதீங்க, பழைய காகிதம், சாயம் வெளுத்துரும்னு எங்களத்தான் காய்ச்சுறாய்ங்க. ஆங்... தமிழா? அட, மொதல்லயே சொல்லக் கூடாதா! எந்தூரு? பரமக்குடியா? நான் முதுகுளத்தூர் பக்கம்ணே. சேதுபதி. துபாய்க்கு வந்து சோனாப்பூர் லேபர் கேம்ப்ல இருக்கேன், இந்தப் படக் கண்காட்சியில செக்யூரிட்டி.

இருட்டாத்தான் வச்சிருப்பாய்ங்க. வெளிச்சம் ஆகாதாம்ல இதுகளுக்கு. படத்துல இருக்க இந்த மாறுகண்ணனுகளோடதான் பொழுதன்னைக்கும் நிக்கிறேன். எல்லாரும் ஜப்பான் நாடகக்காரய்ங்கண்ணே. கபுக்கியாம். மரப்பலகையில செதுக்கி, மை தடவி, காகிதத்துல அமுக்கி எடுத்திருக்கான். அந்தப் பொம்பளகூட ஆம்பளதான், தாடையப் பாருங்க. ரசிகனுக வாங்கிட்டுப் போயி வீட்டுல வச்சுக்குவாய்ங்களாம். எனக்கெப்படித் தெரியும்னா... ஃபஸ்னான்னு ஒரு புள்ள, காயல்பட்டணம், வர்றவுகளுக்கு வெளக்கம் சொல்ற வேல. தெனம் ஒப்பிக்கும். கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம்.

உக்காரவா? யாரு, நானா? நல்லாச் சொன்னீக போங்க. உக்காரக்கூடாது, செவத்துல சாயக்கூடாது, போன எடுக்கக்கூடாது. அக்ஷய்னு எங்க கம்பெனி சூப்பர்வைசர் ஒருத்தன், கண்ணு பூரா கேமராவுலதான். லீவு கேட்டா, ஷோ முடியட்டும் பாய், ஷோ முடியட்டும் பாய். இவன் ஷோவுல தீய வைக்க! நான் நிக்காட்டி இந்தப் பயலுக செவத்துலருந்து எறங்கி ஓடிருவாய்ங்களா?

அந்த வெளிர்நீல உடுப்புக்காரனா? அவன விட்டுட்டு அடுத்ததப் பாருங்களேன்... சரி, கேட்டுட்டீக. அவன் செத்துப்போன நடிகன்ணே. பெரிய நடிகன் செத்தா உடனே படம் அச்சடிச்சு வித்துருவாய்ங்களாம். சாவு உடுப்பு அது. பக்கத்துல பேரு, செத்த தேதி, எந்தக் கோயில்ல அடக்கம்னு எழுதியிருக்கு. ஆமா, நம்மூரு கண்ணீர் அஞ்சலி போஸ்டரேதான்! ஃபஸ்னா சொன்னப்ப விழுந்து விழுந்து சிரிச்சேன். அது போன மாசம்.

இப்ப அவன் மூஞ்சியப் பாத்தாலே பத்திக்கிட்டு வருது. அடுத்த ரூமுக்காச்சும் டூட்டிய மாத்தி விடுய்யான்னு காலையில கெஞ்சுனேன். மாஃபி, முடியாதுன்ட்டான் அக்ஷய்.

என்னவா? ஒண்ணுமில்லண்ணே. முந்தாநாளு எங்கப்பா தவறிட்டாரு. ஆசுபத்திரியில கெடந்தப்பவே லீவு கேட்டேன், விடல. செத்த பெறகு கேட்டா, அதான் கலாஸ் ஆயிருச்சே, போயி என்ன பண்ணப்போறேங்கிறான். நான் வைக்க வேண்டிய கொள்ளிய எந்தம்பி வச்சான். அவனுக்கு எம்மேல கோவம். சத்தியமா கேட்டேன்டா, விடலடான்னா நம்பமாட்டேங்கிறான். இன்னைக்குக் காலையில போஸ்டர வாட்ஸப்புல அனுப்பியிருக்கான். இந்தாங்க, கேமராவுக்கு முதுகக் காட்டிக்கிட்டுப் பாருங்க. தம்பி, தங்கச்சி, மருமக்க, பேரப்புள்ளக, சம்பந்தி வீட்டாளுக வரைக்கும் போட்டிருக்கு. அடியில அச்சடிச்ச பிரஸ்காரன் போன் நம்பர்கூட இருக்குண்ணே. மூத்தவன் எம்பேரத்தான் காணோம்.