முழங்காலைச் சந்தேகித்தவர்

மேடையில் அமர்ந்திருக்கும் மருத்துவமனை முதல்வர் அவர்களே, பரிசோதனைக்கூடத் தோழர்களே, அம்மாவை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மகளே, அனைவருக்கும் வணக்கம்.

நம் திசு ஆய்வு மருத்துவர், நாம் 'சந்தேக டாக்டர்' என்று கேலி பேசிய அம்மையார், மறைந்துவிட்டார். அவரைப் புகழ எனக்குத் தகுதி உண்டா? எலும்பு அறுவை மருத்துவனான நான் ஒரு மாதம் முழுக்க அவரையே சந்தேகப்பட்டவன்!

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு பேருந்து ஓட்டுநரின் இடது முழங்காலைத் திறந்தேன். மூட்டின் உள்சவ்வில் கட்டி. சாதாரணக் கட்டி என்று முன்பே இருமுறை எடுத்தது, மறுபடி முளைத்திருந்தது. வெட்டியெடுத்து, அதில் ஒரு பகுதியை மட்டும் பரிசோதனைக்கு அனுப்பினேன். மூன்றாம் நாள் அம்மையார் என் அறை வாசலில் நின்றார்.

"சார், ஒரு ஓரத்துல செல்லெல்லாம் வேற மாதிரி இருக்கு. எனக்குச் சரியாப் படல."

"திரும்பத் திரும்ப வர்றது அந்தக் கட்டியோட குணம் மேடம். சாதாரணம்னு எழுதிக் கொடுங்க, அவர் வீட்டுக்குப் போகட்டும்."

"எழுத மாட்டேன் சார். எடுத்த சதை முழுசையும் பாக்கணும்."

எனக்குச் சுருக்கென்றது. ஏன் இந்தப் பிடிவாதம்? என் வேலையில் குறை தேடுகிறாரா? முதல்வரிடம் போட்டுக்கொடுக்கப் போகிறாரா? அவர் யாரோடு பேசினாலும் என்னைப் பற்றித்தான் என்று நினைத்தேன். அந்தச் சதையின் சீவல்கள் ஒட்டிய கண்ணாடித் தகடுகளை வெளியூர் நிபுணர்கள் இருவருக்கு அனுப்பியிருக்கிறார் என்று தெரிந்ததும் நேரே போய்க் கத்தினேன்: "என்னை மாட்டிவிடப் பாக்குறீங்களா?"

அவர் நுண்ணோக்கியிலிருந்து தலையை எடுக்கவில்லை. "உங்க மேல எனக்குச் சந்தேகமே இல்ல சார். இந்த முழங்கால் மேலதான். என் மேலயும் கொஞ்சம். அதான் இன்னும் ரெண்டு பேரைக் கேட்டேன்."

பதில்கள் வந்தன. இரண்டிலும் ஒரே சொல்: புற்று! மூட்டுச் சவ்வில் இப்படி மாறிய கட்டியைப் பல மருத்துவர்கள் வாழ்நாளில் ஒருமுறைகூடப் பார்ப்பதில்லை. நல்லவேளை, நுரையீரலுக்குப் பரவவில்லை. மூட்டையே அகற்றி உலோக மூட்டு வைத்தேன். ஓட்டுநரால் அதன்பின் பேருந்து ஓட்ட முடியவில்லை. பணிமனையில் நேரக் காப்பாளராக இருக்கிறார். இதோ, மூன்றாம் வரிசையில், மனைவியோடு. "டாக்டரம்மா முகத்தைக்கூட நான் பாத்ததில்லையே சார்" என்று சற்றுமுன் என் கையைப் பிடித்து அழுதார்.

நான் மன்னிப்புக் கேட்டேனா? வாயெடுத்தேன். "அதெல்லாம் எதுக்கு சார்? அடுத்த தடவை சதையை முழுசா அனுப்புங்க, போதும்" என்று என் வாயை அடைத்துவிட்டார்.

அம்மையாரே! உங்கள் நாற்காலி காலியாகி ஒரு வாரம் ஆகவில்லை, இனி எல்லாத் திசுப் பரிசோதனை அறிக்கையும் ஒரே நாளுக்குள் தரப்படும் என்று சுற்றறிக்கை வந்துவிட்டது. எதற்கு இந்த அவசரம்? யாருக்காக? எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. முதல்வர் முன்னிலையிலேயே உறுதி சொல்கிறேன்: இரண்டாவது மருத்துவர் ஒருவர் பார்க்காமல் எந்த மூட்டுக் கட்டி நோயாளியையும் இனி நான் வீட்டுக்கு அனுப்ப மாட்டேன். கோபப்படுகிறவர்கள் கோபப்படட்டும். அந்தக் கோபம் எப்படி ஆறும் என்று எனக்குத் தெரியும்.